பச்சை ரிப்பன் பக்கம்

படகில் வந்து இறங்கும் கூட்டத்துக்கு எந்தப் பக்கம் தங்குவது என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது. கடல் ஒரே கடல், மணல் ஒரே மணல், எங்கே படுத்தால் என்ன என்ற நினைப்பில்தான் பெட்டியை உருட்டிக்கொண்டு வருவார்கள். மறுநாள் காலையில் கண் சிவந்து, "ராத்திரி பூரா தூங்க விடலைங்க" என்று படகுத்துறைக்கே திரும்பி வந்து சண்டைக்கு நிற்பார்கள். அந்தச் சண்டை வேண்டாமென்றுதான் துறை வாசலில் ஒரு சாவடி, சாவடிக்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் அவள். வேன்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரிப்பன் அக்கா.

ஊருக்கு நாலு பக்கம். வடக்கே முனை, பெரிய அலை, விடிய விடிய பாட்டு. அதற்குச் சிவப்பு ரிப்பன். நடுவில் கடைத்தெரு, நீலம். தெற்கே தென்னந்தோப்பு, வெள்ளை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் கிடக்கிற காயல்பக்கத்துக்குப் பச்சை. வருகிறவர்களிடம் நாலு கேள்வி கேட்டு, பெட்டியின் கைப்பிடியில் ஒரு ரிப்பனைக் கட்டிவிடுவாள். அதற்குமேல் வேன்காரர்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். சிவப்பு என்றால் முனை வேன், வெள்ளை என்றால் தோப்பு வேன். பெட்டி முன்னால் போகும், ஆள் பின்னால் போவார். வாய்ச்சொல் மாறும், ரிப்பன் மாறாது என்பது துறையில் எழுதாத சட்டம்.

அவள் கேட்கிற கேள்விகளும் ஒரு தினுசு. "ரெண்டு பேரும் சண்டை போடுவீங்களா?" என்று புதுத் தம்பதியைக் கேட்பாள். போடுவோம் என்று சிரித்தால் சிவப்பு. முனையின் பாட்டுச் சத்தத்தில் எந்தச் சண்டையும் வெளியே கேட்காது. போடவே மாட்டோம் என்று இருவரும் ஒரே மூச்சில் சொன்னாலும் சிவப்புதான்.

அன்றைக்கு மதியப் படகிலிருந்து கடைசியாக இறங்கியவன் அவளுடைய அண்ணன்.

அவனைப் பார்த்ததும் முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அப்பா அம்மா போன பிறகு கறிக்கடை மேடையில் நின்று நின்று அவளை ஆளாக்கியவன் அவன். பள்ளிக்கூடத்துக் குழாயடியில் ஒருத்தன் அவள் சடையைப் பிடித்து இழுத்தபோது, அதே குழாயில் அந்தப் பையன் வாயை மோதி முன்பல் இரண்டையும் கையில் கொடுத்து அனுப்பியவன். அவள் எத்தனையோ நாள் அந்தப் பெருமையில் மிதந்தாள். தனக்காக ஓங்கிய கை எதற்கும் ஓங்கும் என்று அந்த வயதில் யாருக்குத் தோன்றும்? அண்ணி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. முதலில் கன்னம், பிறகு விலா, பிறகு முதுகில் சூடு. கடைசியில் கறிக்கடை ஐஸ் பெட்டியின் இரும்புக் கதவில் அண்ணியின் இரண்டு விரலை வைத்துச் சாத்தினான். ஒரு தடவை சாத்தினால் கோபம் என்று சொல்லலாம். அவன் திறந்து, பார்த்து, மறுபடி சாத்தினான்.

அந்த விரல்கள் கோணலாகக் கூடியதும் அண்ணி ஒரு பிளாஸ்டிக் பையோடு இந்தத் துறையில் வந்து இறங்கினாள். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். அவளுடைய தசை அண்ணிக்காக ஆடியது. ரத்தம் என்னவோ அண்ணன் பக்கம்தான். ஆனால் விரல் ஒடிந்தது அண்ணிக்கு. அண்ணியைக் காயல்பக்கம் கூட்டிக்கொண்டு போய், விடுதிகளின் படுக்கை விரிப்பெல்லாம் வெளுக்கிற சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். கொசுவுக்குப் பயந்து வெளியாள் அதிகம் எட்டிப் பார்க்காத பக்கம்; வேலை கிடைக்கிற இடம் அந்தச் சலவைக்கூடம் ஒன்றுதான். அண்ணி உயிரோடு இருப்பது அந்த ஒரு ரகசியத்தில்தான் இருந்தது.

"என்ன பாப்பா, அண்ணன்னு ஒருத்தன் இருக்கறதே மறந்துபோச்சா?" என்றான் அவன்.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம? ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"உடம்பு அலுத்துப்போச்சு. கடையைச் சாத்திட்டு நாலு நாள் கடல் காத்து வாங்கலாம்னு வந்தேன். எந்தப் பக்கம் தங்கினா நல்லாருக்கும்னு நீதான் சொல்லணும். ஊருக்கே சொல்றவளாமே நீ."

தோளிலிருந்த கித்தான் பையை மேசைமேல் வைத்தான். ணங்கென்று சத்தம் கேட்டது. முழுசாக மூடாத ஜிப்பின் ஓரத்தில் கயிறு சுற்றிய மரப்பிடி ஒன்று தலைகாட்டியது. அந்தக் கயிற்றைச் சுற்றியதே அவள்தான். அண்ணன் உள்ளங்கை கொப்புளித்துப் போகிறதே என்று பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்து சுற்றியது. கடல் காற்று வாங்க வருகிறவன் வெட்டுக்கத்தி கொண்டுவரமாட்டான்.

அவள் கைக்கு அவளைவிடத் துணிச்சல் அதிகம். ஒரு சிவப்பு ரிப்பனை உருவி, பையில் முடிச்சுப் போட்டு, மேசையின் மறுபக்கம் தள்ளிவிட்டது. சுமை ஏற்றுகிறவன் நிறத்தைப் பார்த்தான், தூக்கினான், முனை வேனில் எறிந்தான். வேன் கிளம்பிவிட்டது.

"பையை எங்கே கொண்டுபோறான்?"

"உங்க ரூமுக்குத்தாண்ணே. நீங்க போறதுக்குள்ள அங்க இருக்கும். இங்க அதான் வழக்கம்."

அவன் வேன் போன திசையையே கொஞ்சநேரம் பார்த்தான். ஓடிப்போய்ப் பிடுங்கினால் கடல் காற்று வேஷம் கலையும். சிரித்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவளுக்குப் பாதி ஜெயித்துவிட்ட தெம்பு வந்தது. ஜெயித்த தெம்பில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முனைதாண்ணே உங்களுக்குச் சரி. சத்தம் இருக்கும், ஆனா பொழுது போறதே தெரியாது. சத்தம் வேண்டாம்னா கடைத்தெரு. கீழ இறங்கினா எல்லாம் கிடைக்கும், கடலும் கூப்பிடு தூரம். சும்மா படுத்துக் கிடக்கணும்னா தோப்பு. காத்து பிச்சுக்கிட்டு போகும், மனுஷ நடமாட்டமே இருக்காது." வழக்கமாகச் சொல்வதைவிட அதிகமாகவே சொன்னாள். கை வீசி, கண் விரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்துக் கூடையில் அடுக்குவது போலச் சொன்னாள். அண்ணன் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாண்ணே."

அவன் நிமிர்ந்து அவள் தலைக்கு மேலிருந்த பலகையைப் பார்த்தான். ஊரின் படம். நாலு நிறம்.

"உனக்கு ஞாபகம் இருக்கா பாப்பா? நான் வெளிய கிளம்பக்கூடாதுன்னு என் சைக்கிள் சாவியை ஒளிச்சு வெப்பே. நான் உன்னை மிரட்டமாட்டேன். 'எங்கெல்லாம் தேடலாம், நீயே சொல்லு'ம்பேன். நீயும் பீரோ, கூரை இடுக்கு, தலையணைன்னு வரிசையா சொல்லுவே. நீ சொல்லாம விட்ட இடத்துல நேரா போய் எடுத்துக்குவேன்." அவன் குரல் பாசமாகத்தான் இருந்தது. "அவ ஓடிப்போய் இத்தனை நாளாச்சு. அண்ணி எங்கேன்னு நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கேக்கலை. அப்பவே இந்த ஊர்தான்னு தெரிஞ்சுபோச்சு. எந்தப் பக்கம்னுதான் தெரியாம இருந்தேன். அந்தப் பச்சையை ஏம்மா விட்டே?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளைக்காவது கத்தியதால் கேடு. அவளுக்குக் கத்தாமல் விட்டதால் கேடு.

"அங்கே கொசுண்ணே" என்றாள். அந்தப் பொய் அவள் காதிலேயே எடுபடவில்லை.

அவள் கை போனை நோக்கி மேசை இழுப்பறைக்குள் போனது. அண்ணன் எழுந்து, ஒரே எட்டில் மேசையைச் சுற்றி வந்து, முழங்காலால் இழுப்பறையை ஓங்கிச் சாத்தினான். அவள் தங்கையாகப் பிறந்ததிலிருந்து அவன் அவள்மேல் வைத்த முதல் அடி அது. வலி தலைவரை ஏறியபோதும், ஐயோ அண்ணனா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அவன் இழுப்பறையைத் திறந்து, அவள் விரல்களை ஒரு பார்வை பார்த்து, போனை எடுத்துக் கடலில் விட்டெறிந்துவிட்டு நடந்தான். வாசலில் வாடகை ஸ்கூட்டர்கள் நின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு பறந்தான்.

காயல்பக்கம் வேனை ஓட்டுகிறவன் ஊமையன். ஓயாமல் பேசுகிறவன் என்பதால் அந்தப் பெயர். பச்சை ரிப்பனுக்கு ஆள் வராத நாட்களில் வேனுக்குள்ளேயே படுத்துத் தானும் ரேடியோவுமாகப் பேசிக்கொண்டிருப்பான். அவள் கதவைத் திறந்து ஏறியதும், "என்னக்கா, உங்களுக்கே பச்சை கட்டிக்கிட்டீங்களா?" என்று ஆரம்பித்தவன், மடியில் வைத்திருந்த கையைப் பார்த்துவிட்டு வாயை மூடினான். ஊமையன் வாய் மூடிய அந்த நேரத்தில்தான் அவளுக்கு உள்ளபடி பயம் பிடித்தது.

"சலவைக்கூடம். என் அண்ணன் அண்ணியைக் கொல்லப் போறான்."

ஊமையன் ஒரு கையால் வேனை ஒடித்து ஓட்டிக்கொண்டே மறு கையால் சலவைக்கூடத்துக்குப் போன் அடித்தான். அந்த இயந்திரங்களின் இரைச்சலில் யார் எடுப்பது? போலீசுக்கு அடித்தான். "வர்றோம்" என்றார்கள். ஸ்டேஷன் இருப்பது கடைத்தெருவில். அங்கிருந்து காயலைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

சலவைக்கூட வாசலில் ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது, இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்துக் கொடிகள் அறுந்து, வெள்ளை விரிப்புகள் சேற்றில் கிடந்தன. அவற்றின்மேல் செருப்புத் தடம். முதலாளியம்மா சுவரோரம் உட்கார்ந்து உடைந்த மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். உள்ளே கையைக் காட்டினாள்.

உள்ளே ஆவி மண்டிக் கிடந்தது. துணி அலசும் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் அண்ணி குப்புறக் கிடந்தாள். அண்ணன் அவள் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டிருந்தான். கத்தி இல்லாதவனுக்குத் தண்ணீரே போதுமாக இருந்தது. அண்ணியின் கோணல் விரல்கள் சிமெண்டைப் பிறாண்டின. பிறாண்டல் குறைந்துகொண்டே வந்தது.

கொதிக்கிற துணியைப் புரட்டும் கட்டை ஒன்று கொப்பரையில் சாய்ந்திருந்தது. ஆள் உயரம், ஊறி ஊறிக் கனத்த மரம். நசுங்கிய விரல்களோடு இரண்டு கையாலும் அதைத் தூக்கி, அவள் அண்ணன் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

அவன் பிடி விட்டது. அண்ணி தொட்டியிலிருந்து சரிந்து, தரையில் சுருண்டு, இருமி இருமித் தண்ணீரைக் கக்கினாள். அண்ணன் திரும்பினான். அடித்தது யார் என்று பார்த்ததும் அவன் முகத்தில் கோபம்கூட வரவில்லை.

"நீ போ பாப்பா. இது எங்க வீட்டு விஷயம்."

அந்த வீட்டில்தான் அவளும் வளர்ந்தாள். காய்ச்சலில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றியவனும் இதே குரலில்தான் பாப்பா என்றான். கட்டை அந்தரத்தில் நின்றுவிட்டது. கண் நிறைந்து எதிரே எல்லாம் கலங்கியது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. முஷ்டியை மடக்கி அவள் வாயில் ஒரே குத்து. ஒரு பல் நாக்கின்மேல் வந்து விழுந்தது. குழாயடிப் பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இத்தனை வருஷம் கழித்து அவளுக்குத் தெரிந்தது.

அவள் சுவரில் மோதி எழுவதற்குள், அவன் தேய்க்கிற மேசையிலிருந்து சூடேறிக் கிடந்த இஸ்திரிப் பெட்டியை ஒயரோடு பிடுங்கிக்கொண்டு அண்ணியிடம் போனான். ஊமையன் பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். அண்ணன் அவனை ஒரு உதறில் விரிப்பு மூட்டைகளுக்குள் எறிந்தான். பெட்டி அண்ணியின் முகத்துக்கு மேலே உயர்ந்தது.

இந்த முறை அவள் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். கட்டை மணிக்கட்டில் இறங்கியது. கறிக்கடையில் வளர்ந்தவளுக்கு எலும்பு ஒடிகிற சத்தம் புதிதல்ல. ஒடிந்தது என்று கேட்டே தெரிந்துகொண்டாள். பெட்டி அவன் பாதத்தில் விழுந்து தோல் கருகியது. அவன் அலறிக்கொண்டு இடது கையை ஓங்கினான். அதையும் அடித்தாள். முழங்காலில் அடித்தாள். விழுந்த பிறகும் அடித்தாள். "அண்ணே, அண்ணே" என்று அழுதுகொண்டே அடித்தாள். ரத்தம் அவன் வாயிலும் இருந்தது, அவள் வாயிலும் இருந்தது. பார்க்க இருவரும் ஒரே சாடையாகத் தெரிந்தார்கள்.

நிறுத்தியது அண்ணிதான். தவழ்ந்து வந்து கட்டையைப் பிடித்தாள்.

"போதும்மா. செத்துட்டான்னா நீயும் உள்ள போயிடுவே."

கட்டை கீழே விழுந்தது. மூட்டைகளுக்குள்ளிருந்து எழுந்த ஊமையன், பயத்தில் என்ன பேசுவதென்று தெரியாமல், "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்னு சும்மாவா சொன்னாங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

போலீஸ் வந்தது, ஆம்புலன்ஸும் வந்தது. படுக்கையில் தூக்கிக்கொண்டு போகும்போது அண்ணன் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான். கிழிந்த உதட்டோடு, நிதானமாகச் சொன்னான்.

"எத்தனை வருஷம் உள்ள வெச்சாலும் ஒருநாள் விடுவாங்க பாப்பா. கையும் கூடிடும். அன்னைக்கு நேரா உன்கிட்டதான் வருவேன். நீ எதுவும் சொல்ல வேண்டாம். உன் எதிர்ல உக்காந்தாலே போதும்."

அவன் சொன்னால் சொன்னதுதான். அது அவளுக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் துறையில் இரண்டு படகுகள் நின்றன. ஒன்று வடக்கே பெருநகரத்துக்கு, ஒன்று தெற்கே தீவுகளுக்கு. அண்ணி அதே பிளாஸ்டிக் பையோடு வந்தாள். கழுத்தில் தொட்டி விளிம்பு அழுத்திய தடம் நீலம் பாரித்திருந்தது. ரிப்பன் அக்காவும் சும்மா இருக்கவில்லை. கட்டுப்போட்ட கையை வைத்துக்கொண்டு விடிய விடிய யோசித்து, அண்ணி எங்கே போகலாம், எந்தத் தெருவில் தங்கலாம், யாரிடம் வேலை கேட்கலாம் என்று எல்லாவற்றையும் மனசில் அடுக்கி வைத்திருந்தாள். வாயைத் திறந்தாள்.

"சொல்லாதே" என்றாள் அண்ணி.

"நல்ல இடம் அண்ணி. ஊருக்கெல்லாம் சொல்றேன், உங்களுக்குச் சொல்லக்கூடாதா?"

"நீ சொன்ன இடத்துக்கு நான் போகக்கூடாதும்மா. நான் போற இடம் உனக்குத் தெரியவும் கூடாது. உன் மூஞ்சிக்கு மறைக்கத் தெரியாது. அவன் வந்து எதிர்ல உக்காந்தா படிச்சிருவான்."

அண்ணி அவனை 'அவன்' என்று சொல்ல ஆரம்பித்தது நேற்றிலிருந்துதான்.

"அப்ப போன் கூடவா பண்ணமாட்டீங்க?"

அண்ணி பையை எடுக்கக் குனிந்தாள். பழக்கதோஷம், அவள் கை தன்னால் ஒரு ரிப்பனை உருவி அந்தப் பிளாஸ்டிக் பையின் காதில் கோக்கப் போனது. அண்ணி தன் கோணல் விரல்களால் அந்தக் கையைப் பிடித்து, கட்டுக்கு மேலே ஒரு முத்தம் வைத்து, ரிப்பனை வாங்கி மேசையில் போட்டாள்.

"திரும்பி நில்லு. ரெண்டு படகும் போறவரைக்கும் திரும்பாதே."

அவள் திரும்பி நின்றாள். ஊமையனையும் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் திருப்பி நிறுத்திக்கொண்டாள். அவன் பார்த்தால் மதியத்துக்குள் ஊரே பார்த்த மாதிரி. முகத்துக்கு நேரே பலகை. பின்னால் பலகைப் பாலத்தில் கால் சத்தம். இடதுபக்கம் போகிறதா வலதுபக்கம் போகிறதா என்று காது தானாகத் தேடியது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நசுங்கிய விரல் வலித்தது, இன்னும் அழுத்திப் பொத்தினாள். அண்ணன் நேற்றே போய்விட்டான். அண்ணி இப்போது போகிறாள். தனக்கென்று இருந்த இரண்டே பேர். வாய்விட்டு அழுதாள். ஊமையன் பலகையைப் பார்த்தபடியே அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

அடுத்த படகுக்குச் சீட்டு வாங்க வந்த ஒருத்தர் மேசையை ஓங்கித் தட்டினார். ஒரு காதை மட்டும் திறந்து, திரும்பாமலே கேட்டாள்.

"துறையில படகு ஏதாவது நிக்குதாங்க?"

"ஒண்ணுமில்லையே. ரெண்டும் போய் நேரமாச்சு."

அப்போதுதான் கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். அண்ணி எந்தப் பக்கம் போனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் என்றைக்கு வந்து எதிரே உட்கார்ந்து பார்த்தாலும், இனி அவள் முகத்தில் அந்தத் தெரியாமை ஒன்றுதான் இருக்கும்.